கோமாளியின் கையில் குழந்தையைப் பிடித்துக் கொடுக்காதீர்கள்

"எல்லாக் குழந்தைங்களும் சிரிக்குது மேடம், இவன் மட்டும் ஏன் இப்படி அலறுறான்? பயந்தாங்கொள்ளியா வளந்துடுவானோ?"

சென்னையில் குழந்தைகள் மனநல ஆலோசகராக இருக்கும் எனக்கு இது பழகிப்போன கேள்வி. பிறந்தநாள் விழா, மால், பொருட்காட்சி, கல்யாண வரவேற்பு என்று இப்போது எங்கே போனாலும் வாசலில் ஒரு கோமாளி நிற்கிறார். அவரைக் கண்டு பிள்ளை வீறிட்டு அழுததும் என்னிடம் வரும் பெற்றோரின் முகத்தில் கவலையைவிட வெட்கம்தான் அதிகம் தெரிகிறது. சொந்தக்காரர்கள் முன்னால் பிள்ளை மானத்தை வாங்கிவிட்டதாக நினைக்கிறார்கள்.

அந்த வெட்கம் தேவையே இல்லை. பிரிட்டனின் சவுத் வேல்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 64 நாடுகளைச் சேர்ந்த 987 பேரிடம் கோமாளி பயம் பற்றிக் கேட்டு, 2023-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். 53.5 விழுக்காட்டினர் ஓரளவாவது பயம் உண்டு என்றார்கள். மிகக் கடுமையான பயம் இருப்பதாகச் சொன்னவர்கள் 5 விழுக்காடு. இத்தனைக்கும் அவர்கள் எல்லோரும் 18 வயது நிரம்பியவர்கள். அதற்கு முன்பே, 2008-இல், ஷெஃபீல்ட் பல்கலைக்கழகத்தினர் மருத்துவமனைச் சுவர்களை எப்படி அலங்கரிக்கலாம் என்று 4 முதல் 16 வயது வரையிலான சுமார் 250 பிள்ளைகளிடம் கேட்டிருந்தார்கள். கோமாளிப் படம் யாருக்குமே பிடிக்கவில்லை. வளர்ந்த பிள்ளைகள் சிலர்கூட அது பயமாக இருக்கிறது என்றார்கள். குழந்தைகள் வார்டு என்றாலே கோமாளியை வரைந்து வைக்கும் பெரியவர்கள், பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை போலிருக்கிறது.

கோமாளி பயம் என்றதும் "யாராவது ஏதாவது செஞ்சிருப்பாங்களோ" என்று பதறும் பெற்றோரும் உண்டு. பெரும்பாலும் அப்படி எதுவும் நடந்திருக்க வேண்டியதில்லை. அந்த 2023 ஆய்விலேயே, நேரடியான கெட்ட அனுபவம்தான் காரணங்களில் கடைசியாக நின்றது. முன்னால் நின்றது முகப்பூச்சு. அதற்குப் பின்னால் இருக்கும் மனிதர் கோபமாக இருக்கிறாரா, சந்தோஷமாக இருக்கிறாரா, அடுத்து என்ன செய்யப்போகிறார் என்று எதுவும் தெரியாததுதான் பலரையும் கலங்க வைத்தது.

கைக்குழந்தைக்கு உலகத்தைப் படிக்க இருக்கும் ஒரே புத்தகம் எதிரில் இருப்பவரின் முகம். ஆறு, எட்டு மாதத்தில் வேற்றாளைக் கண்டால் சிணுங்கத் தொடங்குகிறது. ஒரு வயதில், புதிதாக எதைப் பார்த்தாலும் உடனே அம்மாவின் முகத்தைத் திரும்பிப் பார்த்து, 'பயப்படலாமா, வேண்டாமா' என்று கேட்டுக்கொள்கிறது. 1970-களில் எட்வர்ட் ட்ரோனிக் என்ற அமெரிக்க உளவியலாளர் செய்த சோதனை ஒன்று எங்கள் துறையில் எல்லோருக்கும் தெரியும். குழந்தையோடு கொஞ்சிக்கொண்டிருந்த அம்மாவைச் சில நிமிடங்கள் மட்டும் முகத்தை அசைக்காமல் வெறுமனே பார்க்கச் சொன்னார். குழந்தை சிரித்துப் பார்க்கும், கையை நீட்டும், கத்திப் பார்க்கும். எதற்கும் பதில் இல்லை என்றதும் உடைந்து அழும். பெற்ற தாயின் முகத்துக்கே இந்த நிலை.

இப்போது கோமாளியின் முகத்தை எண்ணிப் பாருங்கள். காதுவரை இழுத்து வரைந்த சிவப்பு வாய். அது எப்போதும் சிரிக்கிறது. சாதாரண மனிதர் யாராக இருந்தாலும், குழந்தை அழுதால் அவர் முகம் மாறும், புருவம் சுருங்கும், 'ஐயோ' என்று ஒரு இளக்கம் வரும். வரைந்த முகத்தில் அது வராது. தான் வீறிட்டு அழும்போதும் எதிரில் இருப்பவர் சிரித்துக்கொண்டே கிட்ட வருகிறார் என்றுதான் குழந்தைக்குப் படுகிறது. பெரிய தலை வைத்த கார்ட்டூன் பொம்மை உடையிலும் இதே சிக்கல்தான்.

"உள்ள இருக்கறது ஒரு அண்ணன்தான்டா" என்று சொல்லிப் புரியவைக்கப் பார்ப்பார்கள். மூன்று வயதில் அது ஏறாது. ரீட்டா டிவ்ரீஸ் என்ற ஆய்வாளர் 1969-இல் வெளியிட்ட ஆய்வில் மேனார்ட் என்ற சாதுவான பூனையைக் குழந்தைகளிடம் கொஞ்ச விட்டார். பிறகு அதன் முகத்தில் நாய் முகமூடியை மாட்டினார். பூனையின் வால்பகுதி குழந்தைகளின் கண்முன்னேயே இருந்தது. அப்படியும் மூன்று வயதுக் குழந்தைகள் பலர் அது நாயாகவே மாறிவிட்டது என்று நம்பினார்கள். ஆறு வயதுக்காரர்கள் ஏமாறவில்லை. உங்கள் பிள்ளைக்கு மூன்று வயதென்றால் 'உள்ளே அண்ணன் இருக்கிறார்' என்பது அவனுக்கு எட்டாத செய்தி.

அப்படியானால் கோமாளியைப் பார்த்துச் சிரிப்பவர்கள் எங்கிருந்து வருகிறார்கள்? எனக்குத் தெரிந்தவரை, சிரிப்புக்கும் பயத்துக்கும் நடுவில் இருப்பது தூரம். சர்க்கஸில் கோமாளி வட்டத்துக்குள் இருக்கிறார், பிள்ளை கேலரியில் அப்பா மடியில் இருக்கிறது. தெருக்கூத்தில் கட்டியக்காரனும் முகத்தில் அரிதாரம் பூசிக்கொண்டுதான் வருகிறான். ஆனால் வந்ததுமே பேசுகிறான், நம் ஊர்ப் பேச்சில் ராஜாவையே கிண்டல் செய்கிறான். பேச்சு முகத்தை விளக்கிவிடுகிறது. ஈசிஆரில் வி.ஜி.பி. பூங்காவின் சிலை மனிதரைப் பார்க்காத சென்னைக் குடும்பம் குறைவு. என்ன செய்தாலும் அசையாத முகம். நியாயப்படி பிள்ளைகள் மிரள வேண்டும். பலரும் பக்கத்தில் போய் வம்பு செய்வதற்குக் காரணம், அவர் யாரையும் நோக்கி வருவதில்லை. எவ்வளவு கிட்டப் போவது என்பதைப் பிள்ளையே முடிவு செய்கிறது. பார்ட்டி ஹாலில் இந்த மூன்றும் பறிபோகின்றன. தூரம் இல்லை, ஸ்பீக்கர் அலறலில் பேச்சு கேட்காது, முடிவு பிள்ளையிடம் இல்லை. போட்டோவுக்காக அப்பா தூக்கிக்கொண்டு போய்க் கோமாளியின் கையில் திணிக்கிறார். சுற்றி நாலு போன் வீடியோ எடுக்கிறது. எல்லோரும் சிரிக்கிறார்கள்.

எனக்கு ஆற்றாமை தருவது இந்தக் காட்சிதான். என்னிடம் வந்த ஒரு சிறுமியைச் சொல்கிறேன், அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். மூன்றரை வயது. தம்பியின் முதல் பிறந்தநாளில் இப்படித்தான் கோமாளியின் இடுப்பில் ஏற்றினார்கள். பிறகு பலூன் கட்டிய எந்த வாசலையும் தாண்ட மறுத்தாள், கல்யாண மண்டபம் என்றாலே அம்மாவின் புடவைக்குள் புகுந்துகொண்டாள். அன்று என்ன பார்த்தாய் என்று வரையச் சொன்னேன். தலை இல்லை, உடம்பு இல்லை, தாள் முழுக்க ஒரு சிவப்பு வாய் மட்டும் வரைந்தாள், கிரேயான் உடையும் வரை அழுத்தி.

அடுத்தடுத்த வாரங்களில் செய்தது எளிமையானது. கோமாளிகள் மாட்டும் பஞ்சு மூக்கை மேசைமேல் வைத்தேன், அவ்வளவுதான், தொடச் சொல்லவில்லை. பிறகு அவளே அதை எடுத்துத் தன் கரடிபொம்மைக்கு மாட்டினாள், பிறகு எனக்கு. ஒருநாள் அம்மா கண்ணாடி முன் உட்கார்ந்து கன்னத்தில் கொஞ்சம் வெள்ளைப் பூச்சு பூசி, அவள் கையாலேயே ஈரத்துணியால் துடைக்க வைத்தாள். துடைத்த இடத்தில் அம்மாவின் தோல் தெரிந்ததும் அந்தப் பிள்ளை விட்ட மூச்சு எனக்கே கேட்டது. "இன்னொரு தடவை பூசும்மா" என்றாள். வேகத்தை அவள்தான் தீர்மானித்தாள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சோறு ஊட்டும்போது "சாப்பிடலைன்னா பூச்சாண்டிகிட்டப் புடிச்சுக் குடுத்துடுவேன்" என்று நாமே தினமும் மிரட்டுகிறோம். விகாரமான முகத்தோடு வருபவன் பிள்ளை பிடிக்கிறவன் என்று கற்றுக்கொடுத்துவிட்டு, சனிக்கிழமை சாயங்காலம் அதே மாதிரி ஒருவருக்குக் கைகொடுக்கச் சொன்னால் குழந்தை எதை நம்பும்? பூச்சாண்டியை இன்றோடு நிறுத்துங்கள்.

கோமாளிகளின் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. சரியாகச் செய்தால் அவர்களால் பெரிய நன்மை உண்டு. 1986-இல் நியூயார்க்கில் பிக் ஆப்பிள் சர்க்கஸைச் சேர்ந்த மைக்கேல் கிறிஸ்டென்சன் தொடங்கிய மருத்துவமனைக் கோமாளிப் பணி இன்று பல நாடுகளில் நடக்கிறது. அறுவை சிகிச்சைக்கு முன்பு கோமாளியோடு இருந்த குழந்தைகளிடம் பதற்றம் குறைந்ததாக ஆய்வுகள் சொல்கின்றன. நம் ஊரிலும் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையில் தி லிட்டில் தியேட்டர் நாடகக் குழுவினர் இதைச் செய்திருக்கிறார்கள். பொதுவாக இத்தகைய கோமாளிகள் முகம் முழுக்கப் பூசுவதில்லை, பெரும்பாலும் ஒரு சிவப்பு மூக்கோடு சரி. வார்டு வாசலிலேயே நின்று, வரலாமா என்று குழந்தையிடம் கேட்பார்கள். வேண்டாம் என்றால் திரும்பிப் போய்விடுவார்கள். ஊசி, மாத்திரை என்று எதற்குமே மறுக்க முடியாத குழந்தைக்கு, மறுக்க முடிகிற ஒரே ஆள் அவர்.

பார்ட்டிக்கு வரும் தம்பிகளும் இதைச் செய்யலாம். மே மாத வெயிலில் பொய்முடியும் பூச்சுமாக நின்று, பையன்களின் குத்தும் வாங்கிக்கொண்டு சம்பாதிக்கிறவர்கள் அவர்கள். விழா வைப்பவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: மைக்கை நிறுத்திவிட்டு, உட்கார்ந்து, சொந்தக் குரலில் பேசட்டும். முடிந்தால் பிள்ளைகள் பார்க்கவே மேக்கப் போடட்டும். அழும் பிள்ளையைத் துரத்த வேண்டாம். பெற்றோர் வேலை இன்னும் சுலபம். குழந்தை முகத்தைத் திருப்பினால் தூக்கிக்கொண்டு பத்தடி தள்ளி நில்லுங்கள், உங்கள் முகம் நிதானமாக இருக்கட்டும். போட்டோ வேண்டாம்.

சின்ன வயது பயம் பெரும்பாலும் தானாகவே கரைந்துவிடும். ஆறு மாதத்துக்கு மேல் நீடித்து, பள்ளி, தூக்கம், வெளியே போய்வருவது எல்லாவற்றையும் தொந்தரவு செய்தால்தான் சிகிச்சை தேவைப்படும் பயமாகக் கருதுவோம். வளர்ந்தவர்களுக்கும் இதே அளவுகோல்தான். படிப்படியாகப் பழக்கும் சிகிச்சை இதற்கு நன்றாகப் பலன் தருகிறது, பல நேரம் மருந்து தேவைப்படுவதில்லை. எங்கே போவது என்று தெரியாதவர்கள் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை அழைக்கலாம். அது மத்திய அரசின் இலவச மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம்.