மோதிரத்துக்குப் பாலிஷ் போடக் கொடுக்கும் முன்

மோதிரம் மங்கினால் உடனே பாலிஷ் போடச் சொல்லிவிடுகிறோம். ஏன் மங்கியது என்று பார்ப்பவர்கள் குறைவு. தினமும் அணியும் மோதிரங்களில் பெரும்பாலும் அது சோப்புப் படிவும் தோலின் எண்ணெய்ப் பசையும்தான். அதைப் போக்க உலோகத்தைத் தேய்க்கவே வேண்டாம்.

ஒரு கிண்ணம் வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவ சோப்பு நாலைந்து சொட்டு விட்டு, மோதிரத்தை 15 முதல் 20 நிமிடம் ஊறவையுங்கள். பிறகு மென்மையான பிரஷ்ஷால் கல்லின் அடிப்பக்கத்தைத் துலக்குங்கள். அழுக்கு அடைவதும் ஒளியை மறைப்பதும் அங்கேதான். அலசுவதையும் கிண்ணத்திலேயே செய்யுங்கள். குழாயடியில் அலசித் தொலைந்த கற்கள் ஏராளம். முத்து, ஓபல், டர்க்காய்ஸ் பதித்தவற்றை ஊறவைக்காமல் ஈரத்துணியால் துடைத்தாலே போதும். மரகதத்தின் விரிசல்களுக்குப் பொதுவாக எண்ணெய் ஊட்டியிருப்பார்கள் என்பதால், ஒலி அதிர்வால் அழுக்கை உதிர்க்கும் அல்ட்ராசோனிக் இயந்திரத்தில் அதைப் போட விடாதீர்கள்.

பற்பசை வேண்டவே வேண்டாம். அதிலுள்ள உராய்வுத் துகள்கள் தங்கத்தையும் வெள்ளியையும் கீறக்கூடியவை. தேய்த்ததும் பளிச்சென்று தெரியும். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் மயிரிழைக் கீறல்கள் வலைபோல் பரவியிருக்கும்.

உண்மையிலேயே கீறல் விழுந்திருந்தால்தான் பாலிஷ். ஆனால் அங்கே நடப்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். கீறல் ஒரு பள்ளம். பள்ளத்தை யாரும் நிரப்புவதில்லை. சுற்றியுள்ள பரப்பு முழுவதையும் அந்தப் பள்ளத்தின் அடிமட்டத்துக்குத் தேய்த்து இறக்குகிறோம். முதலில் எமரி தாள் (உப்புத்தாள் போன்றது), அடுத்து பஃப் எனும் சுழலும் துணிச் சக்கரத்தில் டிரிபோலி என்ற தேய்ப்புக் கலவை, கடைசியில் பளபளப்பு ஏற்றும் நுண்ணிய மெருகுக் கலவையான ரூஜ். முதல் இரண்டு கட்டங்களும் தங்கத்தைத் தின்பவை. 22 காரட் தங்கம் மென்மையானது, இன்னும் சீக்கிரம் கரையும். ஆழமான ஒரே ஒரு கீறலுக்காக மோதிரம் முழுவதையும் இறக்குவது வீண் என்பது எங்கள் கருத்து. ரூஜ் மட்டும் போட்டு, அந்தக் கீறலை அப்படியே விட்டுவிடலாம்.

வேலைக்குக் கொடுக்கும்போதும் வாங்கும்போதும் மில்லிகிராம் வரை காட்டும் தராசில் எடை போடச் சொல்லுங்கள். கொடுக்கும் முன் கழுவி உலர்த்திவிடுங்கள், இல்லையென்றால் போன அழுக்கும் எடைக் குறைவாகவே தெரியும். உள்ளங்கைப் பக்கத்து வளையம்தான் அதிகம் தேய்கிற இடம். அங்கே தடிமன் 1 மில்லிமீட்டருக்குக் கீழே இறங்கியிருந்தால் பாலிஷை மறந்துவிடுங்கள். தேய்ந்த பகுதியை வெட்டியெடுத்து, அதே காரட்டில் புதுத் துண்டு வைத்துப் பற்றாசு (உருக்கி ஒட்டும் உலோகக் கலவை) கொண்டு இணைப்பதே சரியான வேலை. கல்லைப் பிடித்திருக்கும் கொக்கிகளின் முனைகளையும் லென்ஸில் பார்க்கச் சொல்லுங்கள். கம்பளித் துணியில் நூல் சிக்கினால் கொக்கி தூக்கியிருக்கிறது என்று பொருள். அந்த நிலையில் பஃப் சக்கரத்தில் வைத்தால் கல் பறந்துவிடும்.

வெள்ளைத் தங்கத்தின் கதை வேறு. அதன் பளீர் வெண்மை பெரும்பாலும் மேலே பூசிய ரோடியம் என்ற வெண்ணிற உலோகத்தின் முலாமுடையது. அந்தப் பூச்சு ஒரு மைக்ரானை (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கூட எட்டாதது வழக்கம். தினமும் அணிந்தால் ஓரிரு ஆண்டுகளில் தேய்ந்து, அடியிலுள்ள இளமஞ்சள் சாயல் எட்டிப்பார்க்கும். இதைப் பார்த்துவிட்டுத் தங்கம் போலி என்று பதறுபவர்கள் உண்டு; பதற வேண்டியதில்லை, மறுபடி முலாம் போட்டால் போதும். இவ்வளவு மெல்லிய பூச்சு எந்தக் கீறலையும் மறைக்காது. முதலில் முழுமையாக மெருகேற்றி, எண்ணெய்ப் பசை துளியும் இல்லாமல் சுத்தம் செய்த பிறகே முலாம் போட வேண்டும். சுத்தம் குறைந்தால் பூச்சு திட்டுத்திட்டாக உரியும். நிக்கல் கலந்த வெள்ளைத் தங்கமாக இருந்தால், முலாம் தேய்ந்த இடத்தில் சிலருக்குத் தோல் அரிக்கும். அவர்கள் முலாமைத் தள்ளிப்போடக் கூடாது.

பிளாட்டினத்தில் கீறல் விழும்போது உலோகம் பெரும்பாலும் உதிர்வதில்லை, பக்கவாட்டில் ஒதுங்கி நிற்கிறது. அதை வழுவழுப்பான எஃகுக் கருவியால் அழுத்தித் தடவி ஓரளவு சமன் செய்யலாம்.

வெள்ளி கறுப்பது காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களால். ரப்பர், கம்பளி அருகே வைத்தால் இன்னும் வேகமாகக் கறுக்கும். கல் இல்லாத வெள்ளி மோதிரத்தை, அலுமினியத் தாள் விரித்த பாத்திரத்தில் தாளைத் தொடும்படி வையுங்கள். ஒரு லிட்டர் வெந்நீரில் ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடா கரைத்து ஊற்றுங்கள். சில நிமிடங்களில் கறுப்பு மீண்டும் வெள்ளியாக மாறும், தேய்மானமே இல்லை. வேலைப்பாட்டுக்காக வேண்டுமென்றே கறுப்பாக்கிய மோதிரத்துக்கு மட்டும் இதைச் செய்யாதீர்கள், அந்தக் கறுப்பும் போய்விடும்.

ப்ளீச்சிங் திரவத்தில் கை வைக்கும் முன் தங்க மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள். அதிலுள்ள குளோரின் தங்கத்தோடு கலந்த மற்ற உலோகங்களைத் தாக்கும். காரட் குறைந்த தங்கத்திலும் வெள்ளைத் தங்கத்திலும் மெல்லிய கொக்கிகள் சொல்லாமல் கொள்ளாமல் ஒடியும். பாதரசம் பட்டுத் தங்கம் வெளுத்தால் வீட்டில் சூடுகாட்டவோ தேய்க்கவோ கூடாது, அதன் ஆவி நஞ்சு. மோதிரத்தை மூடியுள்ள கண்ணாடிக் குப்பியில் போட்டுக் கொண்டுபோய், தீயில் வைப்பதற்கு முன்பே பொற்கொல்லரிடம் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள்.