30 டாலரில் ரிவால்வர் சேகரிப்பாளர் உரிமம்: அமெரிக்காவின் ‘வகை 03’ எதற்கு, எதற்கு இல்லை

அமெரிக்காவில் ரிவால்வர் உள்ளிட்ட பழைய துப்பாக்கிகளைச் சேகரிப்பவர்களுக்கென்று மத்திய அரசு தனியாக ஓர் உரிமம் வைத்திருக்கிறது. 1968ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ் வரும் இதற்கு ‘வகை 03’ என்று பெயர். சேகரிப்பாளர்கள் ‘சி அண்ட் ஆர்’ என்பார்கள். ‘கியூரியோ அண்ட் ரெலிக்’, அதாவது அரிய, பழைய பொருள் என்பதன் சுருக்கம் அது. 3 ஆண்டுகளுக்குக் கட்டணம் 30 டாலர். 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். கட்டணம் குறைவு என்பதாலேயே சிலர் இதை வீட்டிலிருந்தபடி துப்பாக்கி வியாபாரம் செய்வதற்கான குறுக்குவழி என்று எண்ணிக்கொள்கிறார்கள். வியாபாரத்துக்கு இந்த உரிமம் செல்லாது.

எல்லாமே தயாரிப்பு ஆண்டைப் பொறுத்தது. 1898 அல்லது அதற்கு முன் தயாரான ரிவால்வர் தொல்பொருள். மத்தியச் சட்டத்தின் பார்வையில் அது துப்பாக்கியே அல்ல, வாங்க இந்த உரிமமும் தேவையில்லை. 1899 முதல் தயாரானவற்றில், 50 வயது கடந்து அசல் நிலையில் இருப்பவை வகை 03க்குள் தாமாகவே வந்துவிடுகின்றன. ஆண்டுதோறும் புதியவை இதில் சேர்கின்றன. 1955இல் கோல்ட் நிறுவனம் அறிமுகப்படுத்திய பைதான் ரிவால்வரை எடுத்துக்கொள்ளுங்கள். 1960களில் தயாரான பைதான் இதில் அடங்கும். 2020இல் அதே பெயரில் கோல்ட் மீண்டும் வெளியிட்ட பைதான் அடங்காது. 50 வயது ஆகாதவற்றுக்கும் வழி உண்டு. அருங்காட்சியகக் காப்பாளரின் சான்று இருந்தாலோ, அரிய பொருள் என்பதாலோ வரலாற்று நபர், நிகழ்வு ஒன்றோடு தொடர்புடையது என்பதாலோதான் அதற்கு விலை என்று காட்ட முடிந்தாலோ ஏற்கப்படும். நடைமுறையில் பெரும்பாலானவர்களுக்கு 50 ஆண்டுக் கணக்கே போதும்.

உரிமம் தரும் முக்கியமான சலுகை, மாநில எல்லை தாண்டி வாங்கும் உரிமை. சாதாரணமாக இன்னொரு மாநிலத்தில் இருக்கும் கைத்துப்பாக்கியை நேரடியாக வாங்க முடியாது. உங்கள் மாநிலத்து உரிமம் பெற்ற கடை வழியாகத்தான் வர வேண்டும். வகை 03 இருந்தால், தகுதியுள்ள பழைய ரிவால்வர் உரிமத்தில் குறித்த முகவரிக்கே வரலாம். விண்ணப்பத்தின்போதே பின்னணிச் சோதனை முடிந்துவிடுவதால், இந்த வகைத் துப்பாக்கிக்குக் கடையில் ஒவ்வொரு முறையும் அந்தச் சோதனை இல்லை. புதிய துப்பாக்கி வாங்கப் போனால் மற்ற எவரையும் போலத்தான் நிற்க வேண்டும். அங்கே உரிமத்தைக் காட்டிப் பயனில்லை.

விண்ணப்பம், துப்பாக்கி உரிமங்களைக் கவனிக்கும் ஏ.டி.எஃப். என்ற மத்தியப் பணியகத்துக்குப் போகிறது. படிவத்தின் நகல் ஒன்றை உங்கள் பகுதியின் தலைமைக் காவல் அதிகாரிக்கும் அனுப்ப வேண்டும். முறையான விண்ணப்பத்தின்மீது 60 நாட்களுக்குள் முடிவெடுக்க வேண்டும் என்கிறது சட்டம்.

சலுகைக்கு ஈடாக ஏற்கும் கடமை, பதிவேடு. வாங்கினாலும் விற்றாலும் 7 நாட்களுக்குள் எழுதியாக வேண்டும்: தேதி, எதிர்த் தரப்பின் பெயர், முகவரி, தயாரிப்பாளர், மாடல், வரிசை எண், தோட்டா அளவு. கேட்க எளிதாக இருக்கும். ஆனால் பழைய ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ரிவால்வரின் சிலிண்டரை, அதாவது தோட்டாக்கள் இருக்கும் சுழல் உருளையை, பக்கவாட்டில் திறந்து பாருங்கள். ஃப்ரேமில், அதாவது துப்பாக்கியின் உடற்சட்டத்தில், ஓர் எண் பளிச்சென்று தெரியும். புதியவர்கள் அதையே வரிசை எண் என்று எழுதிவிடுகிறார்கள். அது பெரும்பாலும் தொழிற்சாலையில் பாகங்களைப் பொருத்துவதற்காக இட்ட எண். 1957க்குப் பிறகு தயாரானதாக இருந்தால் மாடல் எண்ணும் அங்கே இருக்கும். உண்மையான வரிசை எண் கைப்பிடியின் அடிப்பக்கத்தில் இருக்கிறது. கோல்ட் இரட்டைச் செயல் ரிவால்வர்களிலோ (விசையை இழுத்தாலே சுத்தியலும் பின்னே போய்ச் சுடும் வகை) வரிசை எண்ணே சிலிண்டரைத் திறந்தால் தெரியும் இடத்தில்தான். இரண்டு நிறுவனங்களையும் ஒரே கண்ணால் பார்த்தால் பதிவேடு பாழ்.

ஆண்டைக் கண்டறிவதும் உங்கள் பொறுப்பே. 1895 மாடல் நாகான்ட் ரிவால்வரில் ஆண்டு பொறித்தே இருக்கிறது. பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். 1873இல் வந்த கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி அடுத்த நூற்றாண்டிலும் தயாரானதால், 1898 என்ற கோட்டின் இரு பக்கத்திலும் நிற்கிறது. வரிசை எண்ணை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். சந்தேகம் வந்தால் கோல்ட் ஆவணக் காப்பகத்திடமோ ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் வரலாற்று அறக்கட்டளையிடமோ கட்டணம் கட்டி, அந்த ஒரு துப்பாக்கி எப்போது, யாருக்கு அனுப்பப்பட்டது என்று கடிதம் வாங்கலாம். கடிதத்தில் இருப்பது அனுப்பிய தேதி. சட்டம் கேட்பது தயாரித்த தேதி. ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் பெரிய ஃப்ரேம் மடக்கு ரிவால்வர்கள் (குழலை முன்பக்கம் மடக்கித் திறப்பவை) சில 1899க்குப் பின் விற்பனைக்குப் போனாலும், ஃப்ரேம்கள் முன்பே தயாரானவை என்பதால் தொல்பொருளாகவே கருதப்படுகின்றன.

‘அசல் நிலை’ என்ற சொல்லையும் இலேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அமெரிக்கச் சந்தைக்கு வந்த பல வெப்ளி என்ற பிரிட்டிஷ் ரிவால்வர்களின் சிலிண்டரைப் பின்பக்கம் சீவி, .45 ஏ.சி.பி. தோட்டா போடும்படி மாற்றிவிட்டார்கள். சேகரிப்பு மதிப்பு அங்கேயே சரிந்துவிட்டது. அந்தத் தோட்டாவின் முழு அழுத்தமும் இந்தத் துப்பாக்கிக்கு ஆகாது. வெப்ளி வாங்கும் முன் சிலிண்டரின் பின்முகத்தைக் கட்டாயம் பாருங்கள்.

ஏ.டி.எஃப். 12 மாதங்களுக்கு ஒருமுறை உங்கள் பதிவேட்டையும் சேகரிப்பையும் சோதிக்கலாம். வீட்டுக்கு அதிகாரி வர வேண்டாம் என்று நினைத்தால், அருகிலுள்ள அவர்கள் அலுவலகத்தில் சோதனையை வைத்துக்கொள்ளக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. சேகரிப்பை மேம்படுத்த ஒன்றிரண்டை விற்பதில் தவறில்லை. லாபத்துக்காகவே வாங்கி வாங்கி விற்றால் அது வியாபாரம். அதற்கு வேறு உரிமம். உரிமம் இல்லாத வேறு மாநிலத்தவருக்கு நேரடியாக விற்கவும் கூடாது.

மாநிலச் சட்டம் தனி. நியூயார்க்கில் கைத்துப்பாக்கி வைத்திருக்க மாநில உரிமம் வேண்டும். கலிபோர்னியாவுக்கும் சொந்தக் கட்டுப்பாடுகள் உண்டு. வகை 03 இவற்றை மீறும் அனுமதி அல்ல.

நம்மவர்கள் கவனிக்க வேண்டியது விசா. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை மத்தியச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் மட்டுமே உள்ளன. கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. ஊர் திரும்பும்போது பெட்டியில் வைத்துக் கொண்டுபோய்விடலாம் என்ற யோசனையையும் இப்போதே விட்டுவிடுங்கள். இந்தியாவுக்குள் ஆயுதம் கொண்டுவர 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி அனுமதி வேண்டும். வகை 03க்கு அங்கே மதிப்பில்லை.

வீடு மாறுகிறவர்கள், மாறுவதற்குக் குறைந்தது 30 நாட்களுக்கு முன்பே ஏ.டி.எஃப்.புக்கு எழுத வேண்டும். உரிமம் ஆளுக்கு மட்டுமல்ல, முகவரிக்கும் சேர்த்தே தரப்படுகிறது.