நுரையீரல் விட்டுத்தரும் இடம்

நெஞ்சுச் சுவரில் துளை விழுந்து வெளிக்காற்று உள்ளே புகுந்தால் நுரையீரல் சுருங்கிவிடும். நுரையீரலுக்கும் நெஞ்சுச் சுவருக்கும் இடையே அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. தானே சுருங்கப் பார்க்கும் நுரையீரலை விரித்துப் பிடித்திருப்பது அதுதான். விபத்தில் அந்தப் பிடி விட்டுப்போனால் உயிருக்கே ஆபத்து. சிறு துளை வழியாக நெஞ்சுக்குள் கருவி செலுத்திப் பார்க்கும் தொராக்கோஸ்கோப்பியைச் செய்யும் மருத்துவரோ அதை வேண்டுமென்றே விடுவிக்கிறார்.

வயிற்றுக்குள் இதேபோல் பார்க்கும் லேப்ராஸ்கோப்பியைச் செய்யக் கார்பன் டை ஆக்சைடை நிரப்பி வயிற்றை உப்பவைக்க வேண்டும். நெஞ்சில் பெரும்பாலும் அது தேவையில்லை. விலாக்கூடு கூரைபோல் நிற்கிறது. நுரையீரல் சுருங்கினால் அதனடியில் ஓர் அறையே கிடைத்துவிடுகிறது. பெரிய அறுவைகளில் மூச்சுக்குழலுக்குள் இரட்டைக் குழாய் செலுத்தி, ஒரு நுரையீரலை மட்டும் இயங்கவிட்டு மற்றதை ஓயவைக்கிறார்கள்.

1910இல் ஸ்டாக்ஹோமில் ஹான்ஸ் கிறிஸ்டியன் யாகோபேயஸ், சிறுநீர்ப்பையைப் பார்ப்பதற்கான கருவியை நெஞ்சுக்குள் செலுத்திப் பார்த்தார். காசநோய்க்கு மருந்தில்லாத காலம் அது. நெஞ்சில் காற்றை ஏற்றி, புண்பட்ட நுரையீரலைச் சுருக்கி ஓய்வு கொடுப்பார்கள். சிலருக்கு நுரையீரல் விலாப்பக்கம் ஒட்டிக்கொண்டு சுருங்க மறுக்கும். அந்த ஒட்டுகளை அவர் நேரில் பார்த்தே சுட்டுத் துண்டித்தார். ஸ்ட்ரெப்டோமைசின் என்ற காசநோய் மருந்து வந்ததும் இந்த வேலைக்குத் தேவை குறைந்தது. 1990களில் வீடியோ கேமராவோடு இம்முறை புத்துயிர் பெற்றது.

நோயைக் கண்டறிவதில்தான் இதன் அருமை எனக்கு அதிகம் தெரிகிறது. நெஞ்சில் நீர் கோத்தவருக்கு ஊசியால் நீரெடுத்துச் சோதித்தும் காரணம் பிடிபடாமல் போவதுண்டு. காசநோயில் அந்த நீரில் கிருமிகள் மிகக் குறைவு, புற்றுநோய் அணுக்களும் எப்போதும் அகப்படுவதில்லை. நோய் நுரையீரல் உறையின்மேல் திட்டுத்திட்டாக அமர்ந்திருக்கும். கேமராவில் பார்த்து அந்தத் திட்டிலிருந்தே துணுக்கு எடுத்தால் விடை கிடைக்க வாய்ப்பு மிக அதிகம். கோத்த நீர் ஏற்கெனவே நுரையீரலை ஒதுக்கி இடம் செய்திருப்பதால், துளையிடும் இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, நோயாளி தானாக மூச்சுவிடும்போதே இதை முடிக்கலாம். நீர் மீண்டும் சேராதிருக்க, அதே துளை வழியாக டால்க் பொடி தூவி, நுரையீரலின் உறையையும் நெஞ்சுச் சுவரின் உட்புற உறையையும் ஒட்டவைப்பதும் உண்டு.

சீழ் அகற்றுவது, நுரையீரலில் காற்றுக் கசியும் கொப்புளத்தை வெட்டித் தைப்பது, புற்றுநோய் கண்ட நுரையீரல் மடலை எடுப்பது என்று சிகிச்சைகளும் பல. தழும்பு சிறியது என்பதை நான் பெரிதாகச் சொல்லமாட்டேன். நெஞ்சைத் திறந்து செய்யும் பழைய முறையில் விலா எலும்புகளைக் கருவியால் விரித்துப் பிடிப்பார்கள். அடியில் ஓடும் நரம்புகள் நசுங்கி, ஒவ்வொரு மூச்சும் குத்தும். வலிக்குப் பயந்து இருமாமல் இருந்தால் சளி தேங்கி நிமோனியா வரும். சிறு துளைகளில் அந்த வலி வெகுவாகக் குறைகிறது.

முடிந்ததும் ஒரு குழாயை உள்ளே வைத்து, அதன் மறுமுனையைத் தண்ணீர் பாட்டிலில் அமிழ்த்துகிறார்கள். உள்ளிருக்கும் காற்று குமிழியாக வெளியேறும். திரும்ப நுழைய முடியாது. குமிழிகள் நின்று, எக்ஸ்ரேயில் நுரையீரல் விலாவரை விரிந்திருப்பது தெரிந்தால் குழாயை எடுத்துவிடலாம்.