கவுனரிசியும் தேக்குத் தூணும்

செட்டிநாட்டு வீடுகளில் பர்மாவின் அடையாளம் இரண்டு உண்டு. ஒன்று, வளவு என்ற உள்முற்றத்தைச் சுற்றி நிற்கும் தேக்குத் தூண்கள். இன்னொன்று, கல்யாணப் பந்தியில் இனிப்பாக வரும் கவுனரிசி என்ற கறுப்பு ஒட்டரிசி. ஒன்று கூரையைத் தாங்குகிறது, மற்றது வாயில் குழைகிறது. ஆனால் வேதியியலாகப் பார்த்தால் கவுனரிசியின் பெரும்பகுதியும், தூணில் ஏறக்குறையப் பாதியும் ஒரே பொருள்தான்: குளுக்கோஸ்.

அது உருவாகத் தொடங்கும் இடம் இலை. பள்ளிப் பாடத்தில் எழுதும் சமன்பாடு கரியமில வாயு, தண்ணீர் என்று ஆரம்பித்து நேராகக் குளுக்கோஸில் போய் முடியும். உண்மையில் இலை அவ்வளவு நேராகப் போவதில்லை. ருபிஸ்கோ என்ற நொதி கரியமில வாயுவைப் பிடித்ததும், நெல், தேக்கு போன்ற செடிகளில் முதலில் கிடைப்பது மூன்று கார்பன் கொண்ட சேர்மம். கதிரியக்கக் கார்பனைச் செலுத்தி இந்தப் பாதையைப் படிப்படியாகக் கண்டறிந்ததற்காக மெல்வின் கால்வினுக்கு 1961-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்தச் சிறு துண்டுகளை இணைத்து இலை சுக்ரோஸ் செய்கிறது. நாம் காபியில் போடும் சீனியும் அதே சுக்ரோஸ்தான். செடிக்குள் பயணம் போவதும் பெரும்பாலும் இந்த வடிவத்தில்தான். பனம்பாளையைச் சீவினால் சொட்டுவது, புளோயம் குழாயில் போய்க்கொண்டிருந்த அந்தச் சர்க்கரைச் சாறுதான். கலயத்தில் சுண்ணாம்பு தடவாவிட்டால் நுண்ணுயிர்கள் நம்மை முந்திக்கொள்ளும், பதநீர் கள்ளாகிவிடும்.

சரி, சுக்ரோஸ் நெல்மணிக்குள் போனதும் என்ன ஆகிறது? அங்கே அது உடைக்கப்பட்டு, குளுக்கோஸ்கள் பாசிமணி கோர்ப்பதுபோல் நீளமாகக் கோர்க்கப்படுகின்றன. அதுதான் மாவுச்சத்து. அதில் இரண்டு வகை உண்டு. ஏறக்குறையக் கிளையே இல்லாமல் நீளுவது அமைலோஸ், கிளை கிளையாகப் பிரிவது அமைலோபெக்டின். உதிரியாக வேகும் சாப்பாட்டு அரிசியின் மாவுச்சத்தில் அமைலோஸ் கால்பங்கு வரைகூட இருக்கும். ஒட்டரிசி வகைகளில் அது மிகக் குறைவு, சிலவற்றில் அறவே இருக்காது. அமைலோஸைக் கட்டும் நொதிக்கான மரபணு அவற்றில் பழுதாகிக் கிடக்கிறது. அந்தப் பழுதுதான் நமக்கு ருசி!

வேகும்போது மாவுச்சத்து மணிகள் தண்ணீரைக் குடித்து உப்பும். ஆறும்போது அமைலோஸ் இழைகள் ஒன்றோடொன்று நெருங்கி மறுபடி இறுகும். அதனால்தான் காலையில் வடித்த சோறு சாயங்காலம் விறைத்துப்போகிறது. கவுனரிசி அப்படிச் சட்டென்று இறுகாமல் பிசுபிசுவென்று குழைவாகவே இருக்கும். ஃப்ரிட்ஜில் வைத்தால் அதுவும் கெட்டியாகும், அது வேறு கதை. முந்தின இரவே ஊறப்போடுவதற்குக் காரணம் மாவுச்சத்து அல்ல. தவிடு நீக்காத அந்தக் கறுப்புத் தோல் தண்ணீரைச் சுலபமாக உள்ளே விடாது. ஆந்தோசயனின் நிறமி இருப்பதும் அந்தத் தோலில்தான்.

இப்போது தூணுக்கு வருவோம். அதில் ஏறக்குறையப் பாதியாக இருக்கும் செல்லுலோஸிலும் அதே குளுக்கோஸ்தான், ஆனால் ஒன்றுவிட்டு ஒன்று தலைகீழாகத் திரும்பி இணைந்திருக்கும். இந்தச் சின்ன மாற்றம் போதும். மாவுச்சத்தைப்போல் சுருளாமல் இழை நேராக நீளுகிறது. பக்கத்து இழைகளோடு ஹைட்ரஜன் பிணைப்பால் இறுகி, கற்றை கற்றையாகிறது. நம் எச்சிலிலும் குடலிலும் உள்ள அமைலேஸ் நொதிக்கு இந்தப் பிணைப்பை வெட்டத் தெரியாது. இல்லையென்றால் பஞ்சமே வந்திருக்காது என்று எனக்குத் தோன்றும்.

மரத்துக்கும் இரண்டும் ஒன்றல்ல. மாவுச்சத்து அதன் சேமிப்பு. கோடையில் இலையுதிர்த்து நிற்கும் தேக்கு, மறுபடி துளிர்க்கத் தண்டிலும் வேரிலும் வைத்திருப்பதை எடுத்துச் செலவழிக்கும். செல்லுலோஸில் போட்ட சர்க்கரையை அப்படித் திரும்ப எடுப்பதில்லை.

அந்தச் சேமிப்பு இருப்பது தண்டின் வெளிப்பக்கமுள்ள வெளிறில். மரத்தை உளுத்துப்போகச் செய்யும் வண்டுகள் அதைத் தேடியே வருகின்றன. மரம் உள்ளே வைரம் பாயும்போது, அங்குள்ள செல்கள் மாவுச்சத்தைச் செலவழித்து டெக்டோகுவினோன் போன்ற பொருள்களைச் செய்து நிரப்பிவிட்டுச் செத்துப்போகின்றன. டெக்டோகுவினோன் கரையானுக்கு ஆகாது. தேக்கு வாங்கப் போகிறவர்கள் வெளிறை ஒதுக்கிவிட்டு வைரத்தைப் பார்த்து எடுப்பது இதனால்தான்.