தோட்டத்தை எழுதிக் கொடுக்கும் முன்

ஆடி கழிந்து ஆவணி பிறந்ததும் எங்கள் பக்கத்துச் சார்பதிவாளர் அலுவலகங்களில் கூட்டம் ஏறிவிடும். கிரயத்துக்கு வந்தவர்களுக்கு நடுவே வெள்ளை வேட்டியில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் மகன், கையில் டோக்கன். பெரியவர் விற்க வரவில்லை, மகன் பேருக்குத் தான செட்டில்மென்ட் எழுத, அதாவது விலை வாங்காமல் சொத்தைப் பத்திரம் போட்டுக் கொடுக்க வந்திருக்கிறார்.

காங்கேயம், தாராபுரம் வட்டாரத்தில் சிவில் வழக்கு நடத்துகிறவன் நான். செட்டில்மென்ட் கெட்ட பத்திரம் என்று சொல்ல மாட்டேன். பிள்ளைகளுக்குள் பிற்பாடு சண்டை வராமலிருக்க அதைவிடச் சுத்தமான வழி பல குடும்பங்களுக்கு இல்லை. ஆனால் இருப்பது அத்தனையையும், ஒரு நிபந்தனையும் போடாமல், கேட்ட வாரத்திலேயே எழுதிக் கொடுத்துவிடுகிறார்களே, அங்கேதான் வம்பு தொடங்குகிறது.

செலவு குறைவு என்பதும் இந்த அவசரத்துக்கு ஒரு காரணம். குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மென்ட்டுக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம். 2023 ஜூலையில் உயர்த்திய பிறகும் அதன் உச்சவரம்பு 40,000 ரூபாய்தான், பதிவுக் கட்டணத்துக்கு 10,000. கோடி ரூபாய் பெறுமானமுள்ள தோட்டம் ஐம்பதாயிரத்துக்குள் கை மாறிவிடுகிறது.

என் அலுவலகத்துக்கு அப்பாவும் மகனும் சேர்ந்து வந்தால், பேச்சு பெரும்பாலும் மகனுடையதாகத்தான் இருக்கும். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "தம்பி, கீழே போய் ஒரு டீ குடிச்சுட்டு வாங்க" என்று அனுப்பிவிடுவேன். சிலருக்குக் கோபம் வரும். வந்தால் வரட்டும். அப்படி ஒரு முறை தனியே இருந்த பெரியவரிடம் கேட்டேன்.

"ஏனுங்கய்யா, பத்திரம் ஆயிட்டா தேங்காய் போட்ட காசு யார் கைக்கு வரும்?"

"பையன்தானுங்க வாங்குவான். எனக்கு என்ன செலவு, அவன் பாத்துக்குவானுங்க."

"இப்ப எதுக்கு அவசரமா எழுதறீங்க?"

"கோழிப் பண்ணை போடறானுங்க. இடம் அவன் பேருல இருந்தாத்தான் பேங்குல லோன் தருவாங்களாமா."

அவசரத்தின் காரணம் இதுதான். கடனுக்காகத் தோட்டத்தையே கை மாற்ற வேண்டியதில்லை. அப்பாவே ஜாமீன்தாரராகக் கையெழுத்திட்டு, தன் நிலத்தில் ஒரு பகுதியை அடமானமாக வைத்தால் பல வங்கிகள் ஏற்றுக்கொள்ளும். பண்ணை நொடித்தால் அந்தப் பகுதி போகும். அதையும் மறைக்காமல் சொன்னேன். முழுத் தோட்டமும் போவதைவிட அது தேவலை என்று அவரே முடிவு செய்தார். மகனும் ஒப்புக்கொண்டார். அவருக்கு வேண்டியிருந்தது பண்ணை, பத்திரம் அல்ல.

எழுதத்தான் வேண்டும் என்றால், பத்திரத்தின் வாசகத்தைப் பாருங்கள். எழுத்தரிடம் தயாராக இருக்கும் மாதிரியில் "அன்பினாலும் பிரியத்தினாலும்" என்று ஆரம்பித்து "இன்று முதல் தாங்களே சர்வ சுதந்திர பாத்தியங்களுடன் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது" என்று முடியும். நடுவில் வண்டித்தடம், கிணற்றுப் பங்கு, மின் இணைப்பு எண் வரை எல்லாம் இருக்கும். எழுதிக் கொடுக்கிறவர் நாளைக்கு எங்கே படுப்பார், யார் சோறு போடுவார் என்பதற்கு ஒரு வரி இருக்காது. பதிவான செட்டில்மென்ட்டை, மனசு மாறிவிட்டது என்று எழுதிக் கொடுத்தவர் மட்டும் போய் ரத்து செய்துவிட முடியாது என்பது பலருக்கும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் தெரிகிறது.

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007-இன் 23ஆம் பிரிவு இதற்குத்தான் வந்தது. அடிப்படை வசதிகளையும் தேவைகளையும் கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு மூத்த குடிமக்கள் சொத்தைக் கொடுத்திருந்து, வாங்கியவர் அதைச் செய்ய மறுத்தால், அந்தப் பத்திரம் மோசடியாலோ வற்புறுத்தலாலோ பெற்றதாகவே கருதப்படும். தீர்ப்பாயம் அதைச் செல்லாது என்று அறிவிக்கலாம். அந்த நிபந்தனை இருந்தது என்பதைக் காட்டியாக வேண்டும் என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம், இது பெரியவர்களின் நன்மைக்கான சட்டம், தாராளமாகத்தான் பொருள் கொள்ள வேண்டும் என்றது. அன்பையும் பிரியத்தையும் நம்பி எழுதியதிலேயே பராமரிப்பு நிபந்தனை அடங்கியிருக்கிறது என்ற அளவுக்கு 2025 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் போனது. நல்லதுதான். ஆனாலும் எழுபத்தைந்து வயதில் நீதிமன்ற வாசலில் நின்று அதை வாதாட வேண்டுமா? நான்கு வரி எழுதிவிட்டால் போயிற்று. நான் எழுதுவது ஏறக்குறைய இப்படி:

"மேற்படி சொத்தில் எனது ஆயுட்காலமும், எனக்குப் பின் என் மனைவியின் ஆயுட்காலமும் நாங்களே குடியிருந்து, தென்னை மகசூலை அனுபவித்து வர வேண்டியது. எங்கள் உணவு, உடை, மருத்துவச் செலவுகளைத் தாங்கள் கவனித்துக்கொள்ள வேண்டியது. தவறும் பட்சத்தில் 2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின்படி இந்தப் பத்திரத்தைச் செல்லாததாக்கிக்கொள்ள எங்களுக்குப் பாத்தியம் உண்டு."

சிலர் "எங்கள் காலம் வரை விற்கக் கூடாது" என்று மட்டும் ஒரு வரி போடச் சொல்வார்கள். முழு உரிமையையும் கொடுத்துவிட்டு விற்காதே என்றால் சட்டத்தின் முன் அது நிற்பது கஷ்டம். ஆயுட்கால உரிமையைக் கையில் வைத்துக்கொள்வதுதான் பலம். வாங்க வருகிறவர் வில்லங்கச் சான்று போட்டு, பத்திர நகலை எடுத்தாலே, பெரியவர் அங்கே உட்கார்ந்திருப்பது தெரிந்துவிடும்.

யாரும் நினைத்துப் பார்க்காத இன்னொன்று, மகன் முந்திப் போய்விட்டால் என்ன ஆகும் என்பது. இந்து வாரிசுச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த ஆணின் முதல் வகுப்பு வாரிசுகள் அவர் மனைவி, பிள்ளைகள், தாய். தகப்பன் இரண்டாம் வகுப்பு, முதல் வகுப்பில் ஒருவர் இருந்தாலும் அவருக்கு முறை வராது. தோட்டத்தைக் கொடுத்த அப்பாவுக்கு, மனைவியோ பிள்ளைகளோ உள்ள மகன் இறந்த பின் அதே தோட்டத்தில் ஒரு சென்ட் கூட வராது. அம்மா உயிரோடு இருந்தால் அவருக்கு மட்டும் ஒரு பங்கு உண்டு. ஒற்றைப் பிள்ளையோடு நிறுத்திக்கொண்ட வீடுகள் நிறைந்த எங்கள் ஊர்ப்பக்கம் இது சும்மா பயமுறுத்துகிற கதையல்ல. மருமகள் நல்லவராகவே இருக்கலாம். நாளைக்கு அவருக்கும் வேறு வாழ்க்கை அமையலாம், அதைத் தப்பென்று யார் சொல்வது?

அதனால்தான் பலருக்கும் நான் முதலில் சொல்வது உயில். முத்திரைத்தாள் வேண்டாம், தீர்வை கிடையாது. வெள்ளைத்தாளில் எழுதி, இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்டால் போதும். பதிவு கட்டாயமில்லை, ஆனால் செய்துவிடுவது நல்லது. நடக்க முடியாதவர் என்றால் சார்பதிவாளரையே வீட்டுக்கு வரச் சொல்லி மனுக் கொடுக்கலாம். பதிவான உயில் வில்லங்கச் சான்றில் வராது. எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவருக்கோ அவருடைய முகவருக்கோ தவிர வேறு யாருக்கும் நகல் தர மாட்டார்கள். எப்போது வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். சாட்சி விஷயத்தில் மட்டும் ஒரு வேண்டுகோள். கூடப் படித்த பங்காளியைக் கூட்டி வராதீர்கள். உயிலை நிரூபிக்க ஒரு சாட்சியாவது கூண்டேற வேண்டும், அன்றைக்கு அவரும் இருக்க வேண்டுமல்லவா? உங்களைவிட இருபது வயது இளையவர், சொத்தில் பங்கில்லாதவர், வெளியூருக்குப் போகாதவர் நல்லது.

மகள்கள் சங்கதியை எடுத்தால் வீட்டுக்கு வீடு ஒரே பதில்தான்: "அதான் சீர் செஞ்சாச்சுங்களே." சீர் சட்டக் கணக்கில் வராது. பூர்வீகச் சொத்தில் மகளும் பிறப்பாலேயே பங்காளி என்கிறது 2005 செப்டம்பர் 9 முதல் அமலில் உள்ள திருத்தம். அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்த்து வைத்துவிட்டது. மகளைக் கேட்காமல் மகனுக்கு முழுத் தோட்டத்தையும் எழுதினால், அந்தப் பத்திரத்தோடு ஒரு பாகப்பிரிவினை வழக்கையும் சேர்த்தே கொடுக்கிறீர்கள். முதலில் மகளோடு உட்கார்ந்து பேசுங்கள். அவர் மனதார விட்டுக் கொடுத்தால் முறைப்படி விடுதலைப் பத்திரம் வாங்கிக்கொள்ளலாம்.

அப்புறம், படுத்துவிட்டால் என்ன செய்வது? பவர், அதாவது தன் சார்பில் செயல்பட இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் பத்திரம், எழுதி வைத்திருக்கிறேன் என்பார்கள். எழுதியவர் சுயநினைவை இழந்தால் பவரும் செல்லாமல் போகும். தேவை வருகிற நேரத்தில்தான் அது கை கொடுக்காது. கோமாவில் இருப்பவரின் கணக்கைக் கையாள, மனைவியே ஆனாலும் உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருக்கும். கணவன் மனைவி இருவர் பேரிலும் "இருவரில் ஒருவர்" முறையில் கணக்கு வைத்திருந்தால் மருத்துவமனைச் செலவுக்காவது பணம் எடுக்கலாம். வென்டிலேட்டர் வேண்டுமா வேண்டாமா என்பதையும் எழுதி வைக்க வழியுண்டு. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்த நடைமுறையை எளிதாக்கியிருக்கிறது. இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, நோட்டரியிடமோ அரசிதழ் பதிவு பெற்ற அலுவலரிடமோ சான்று பெற்றால் போதும்.

தோட்டத்துச் சாளையில், அதாவது தோட்டத்து வீட்டில், வயதானவர்கள் தனியாக இருப்பதைப் பற்றியும் குடும்பத்தோடு பேசியாக வேண்டும். 2024 நவம்பரில் பல்லடம் பக்கம் சேமலைகவுண்டம்பாளையத்திலும், 2025இல் ஈரோடு மாவட்டம் சிவகிரிப் பக்கமும் தோட்டத்து வீடுகளில் முதியவர்கள் கொல்லப்பட்ட பிறகு, இது வெறும் சாப்பாட்டுக் கணக்கு இல்லை.

ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டு இப்போது சோற்றுக்குக் கையேந்துகிறவர்கள், வழக்குச் செலவுக்குப் பயந்து சும்மா இருக்க வேண்டாம். தாராபுரம், பொள்ளாச்சி, கோபி என்று அந்தந்தக் கோட்டத்தின் கோட்டாட்சியர் அல்லது சப் கலெக்டர்தான் பராமரிப்புத் தீர்ப்பாயம். மனுவோடு பத்திர நகல், வயதுச் சான்று, மருத்துவச் சீட்டுகளை இணைத்துக் கொடுங்கள். மாத ஜீவனாம்சம் 10,000 ரூபாய் வரை கேட்கலாம். எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து 90 நாளில் மனுவை முடிக்க வேண்டும், தவிர்க்க முடியாவிட்டால் இன்னும் 30 நாள். பத்திரத்தைச் செல்லாததாக்கவும் வேண்டுமென்றால் 23ஆம் பிரிவைக் குறிப்பிட்டு அதையும் தெளிவாகக் கேளுங்கள். மனு எழுத ஆளில்லை, யாரைப் பார்ப்பது என்று தெரியவில்லை என்றால் மூத்த குடிமக்களுக்கான உதவி எண் 14567.