சூரைக்கு வயது என்ன?

மீன் ஏலம் போடுபவர் வாயில் டூனா வகை எல்லாமே சூரைதான். தூத்துக்குடியில் பருவலை (பெரிய கண்ணியுள்ள மிதவை வலை) வள்ளத்திலிருந்து கூடை இறங்கும்போது கிட்டே போய்ப் பாருங்கள். முதுகின் பின்பாதியில் சாய்ந்த கோடுகள், மார்புத் துடுப்புக்குக் கீழே மை தொட்டு வைத்ததுபோலச் சில கரும்புள்ளிகள் இருந்தால் சூரை. முதுகுத் துடுப்புகள் இரண்டும் விலகி நின்றால் எலிச்சூரை. வயிற்றில் நீளவாக்கில் கோடுகள் ஓடினால் வரிச்சூரை.

எலிச்சூரையிலும் இரண்டு இனங்கள் உண்டு. இந்த மூன்று வகைக்கும் உடல் முழுவதும் செதில் பரவியிருக்காது. முன்பகுதியில் கவசம்போல இருக்கும், பிறகு ஒடுங்கி ஒரு பட்டையாகப் பின்னே போகும். இரண்டாம் முதுகுத் துடுப்பு தொடங்கும் இடத்துக்கு நேர் கீழே அந்தப் பட்டையின் அகலம் ஐந்து செதிலுக்குள் இருந்தால் ஓர் இனம், ஆறுக்கு மேல் போனால் இன்னோர் இனம். ஏல அவசரத்தில் செதில் எண்ண யாருக்குப் பொழுது இருக்கிறது?

ஆனால் இனம் பிரித்துத்தான் ஆக வேண்டும். 35 செ.மீ. எலிச்சூரை முட்டையிடும் பருவத்தை எட்டிவிட்ட மீன். அதே நீளமுள்ள சூரை பெரும்பாலும் இன்னும் பிள்ளை. அது பருவத்துக்கு வர ஏறக்குறைய 40 செ.மீ. ஆக வேண்டும்.

இந்த மீன்களுக்குக் காற்றுப்பை இல்லை. நீந்துவதை நிறுத்தினால் அமிழ்ந்துவிடும். செவுளுக்குத் தண்ணீரும் கிடைக்காது. ஓயாமல் உழைக்கும் சிவப்புத் தசை முதுகெலும்பை ஒட்டி உள்ளே இருக்கிறது. அங்கே சூடான ரத்தமும் குளிர்ந்த ரத்தமும் எதிரெதிராக ஓடும் நுண்குழாய்கள் வெப்பத்தை வெளியே விடாமல் திருப்பிவிடுகின்றன. அந்த வேகத்துக்கு ஏற்ற தீனி, தீனிக்கு ஏற்ற வளர்ச்சி. ஆயுளோ சில ஆண்டுகள்தான்.

வயதைச் செவிக்கல்லின் (மீனின் காதுக்குள் இருக்கும் சிறு கல்) வளையங்களை எண்ணிச் சொல்லலாம். பருவ மாற்றம் குறைந்த வெப்பக்கடலில் ஆண்டு வளையம் மங்கலாகத்தான் விழுகிறது. அதனால் ஆய்வாளர்கள் அளவுகோலை நம்புகிறார்கள். மூக்கு நுனியிலிருந்து வால் கவட்டை வரை நூற்றுக்கணக்கான மீன்களை மாதந்தோறும் அளந்து, எந்த நீளத்தில் எத்தனை என்று வரைபடம் போடுவார்கள். இந்த மாதம் 30 செ.மீ. அருகே ஒரு மேடு, அடுத்த மாதம் அது 32-க்கு நகர்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரே பருவத்தில் பிறந்த கூட்டம் அது. மேடு நகரும் வேகமே வளர்ச்சி வேகம். பெரிய அளவுகளுக்குப் போகப் போக எண்ணிக்கை எவ்வளவு செங்குத்தாகச் சரிகிறது என்பதிலிருந்து மொத்தச் சாவு விகிதம் தெரியும். இயற்கைச் சாவைக் கழித்தால் மீதி மீன்பிடிப்பால் வந்தது.

சிக்கல் வலையில் இருக்கிறது. சின்ன மீன் கண்ணி வழியே நழுவும், பெரிய மீன் தலை நுழையாமல் முட்டித் திரும்பும். ஆகவே கரைக்கு வருவது கடலின் படம் அல்ல, வலைக் கண்ணியின் படம். வலை மாறினாலே மீன் வளர்ந்ததுபோலத் தோன்றும்.

இதைவிடப் பெரிய ஏமாற்று ஒன்று உண்டு. ஒரு முறை கடலுக்குப் போய்வந்தால் எவ்வளவு பாடு (கிடைத்த மீன்) என்பதை மீன் வளத்தின் அடையாளமாக எடுப்பது வழக்கம். கூட்டமாகத் திரியும் மீனுக்கு இது சரிவராது. நூறு கூட்டம் ஐம்பதாகக் குறைந்தாலும், தேடத் தெரிந்த வள்ளம் ஒரு கூட்டத்தைப் பிடித்துவிடும். பாடு குறையவே குறையாது, திடீரென்று ஒருநாள் விழும்வரை.

இந்தியப் பெருங்கடல் சூரை ஆணையம் இந்தக் கரையோரச் சூரைகளுக்கென அமைத்த குழு 2011-இல் சென்னையில்தான் முதலில் கூடியது. கையில் போதிய தரவு இல்லாததால், ஆண்டுதோறும் பிடித்த மொத்த எடையை மட்டும் வைத்துக் கணக்கிடும் முறைகளைப் பயன்படுத்துகிறார்கள்: இவ்வளவு பிடித்தும் மீன் அழியாமல் இருக்க, தொடக்கத்தில் எவ்வளவு இருந்திருக்க வேண்டும் என்று பின்னோக்கித் தேடுவது. முதலில் வைக்கும் அனுமானம் சற்று மாறினால் விடையும் மாறும். அந்த மொத்த எடையும் இனவாரியாக வேண்டும். கரையில் ‘சூரை’ என்று ஒரே வரியில் எழுதிவிட்டால், அதில் எத்தனை கிலோ எலிச்சூரை என்பதை எங்கோ ஒருவர் விகிதம் போட்டுத்தான் பிரிக்க வேண்டியிருக்கிறது.