வேலிடேஷன்: சரிபார்ப்பா, செல்லுபடியா?

விண்டோஸ் புதுப்பிப்பு முடிந்து கணினி மறுபடி இயங்கத் தொடங்கியதும், உரிமத்தின் வேலிடேஷன் தோல்வி என்று சிலருக்கு அறிவிப்பு வரும். தமிழில் இதைச் 'சரிபார்ப்பு தோல்வி' என்றே பெரும்பாலும் எழுதுகிறார்கள். அது பாதிதான் பொருந்துகிறது. பழுது பார்ப்பவரைத் தவறான இடத்தில் தேட வைப்பதும் அதுவே.

ஆங்கிலத்துக்கு இந்தச் சொல் இலத்தீனிலிருந்து வந்தது. வலிதுஸ் என்றால் வலிமையுள்ளது. உடலின் வலிமை பின்னர் ஆவணத்தின் சட்ட வலிமையாயிற்று. நம் 'வலிது' என்ற சொல்லோடு ஒலி ஒத்துப்போவது தற்செயல். அதைக் கொண்டு யாரும் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதக் கிளம்ப வேண்டாம். ஆனாலும் இலங்கைச் சட்டத் தமிழில் 'வலிதான' என்ற சொல் இதே பொருளில் வழங்குகிறது, அழகாகவும் இருக்கிறது.

தமிழகத்தில் எல்லோரும் அறிந்த சொல் 'செல்லுபடி'. செல்லுதல் என்றால் போதல் மட்டுமல்ல, ஏற்கப்படுதலும்தான். செல்லாக்காசு, செல்வாக்கு எல்லாம் அப்படி வந்தவை. 2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தபோது எந்த நோட்டும் கிழியவில்லை, கள்ள நோட்டாகவும் மாறவில்லை. அவற்றின் செல்லுபடியை அரசு விலக்கிக்கொண்டது, அவ்வளவுதான். மென்பொருள் உரிமத்தின் நிலையும் இதுவே. ஆகவே வேலிடேஷனுக்குச் 'செல்லுபடி உறுதி' என்பதே என் தேர்வு. சரிபார்ப்பு என்பது அதற்கு முந்தைய வேலை, ஆங்கிலத்தில் வெரிஃபிகேஷன்.

ஆக்டிவேஷன் வேறு. 2001இல் விண்டோஸ் எக்ஸ்பியோடு பரவலான அது, நிறுவியபின் செய்யும் பதிவு, 'செயற்படுத்தல்' எனலாம். உரிமம் இன்னும் செல்லுகிறதா என்று பிறகும் கேட்கும் ஏற்பாடு, 2005இல் விண்டோஸ் ஜெனுவின் அட்வான்டேஜ் என்ற பெயரில் கட்டாயமாகத் தொடங்கியது.

இந்தச் சொல் வேறுபாடு வெறும் இலக்கணச் சண்டை அல்ல என்பதற்கு 2007 ஆகஸ்ட் 24 சாட்சி. சோதனை முடியாத நிரலை ஊழியர் தவறுதலாக மைக்ரோசாஃப்டின் சர்வர்களில் ஏற்றிவிட, காசு கொடுத்து வாங்கிய விண்டோஸ்களும் போலி என்று முத்திரை பெற்றன. விண்டோஸ் விஸ்டா பதிப்பை வைத்திருந்தவர்களுக்கு ஏரோ என்னும் கண்ணாடித் தோற்றம் உள்ளிட்ட வசதிகள் முடங்கின. நிலைமை சீராக மறுநாள் ஆயிற்று. நிறுவனம் பிறகு தந்த விளக்கம்தான் சுவையானது: சர்வர் முற்றாகப் படுத்திருந்தால் பயனர்களை அசலானவர்கள் என்றே கணினி எடுத்துக்கொண்டிருக்குமாம், சர்வர் விழித்திருந்து தவறான பதிலைச் சொன்னதால்தான் இத்தனை வினை. சரிபார்ப்பு தடையின்றி நடந்தது, செல்லுபடிதான் மறுக்கப்பட்டது.

எனவே பிழைச் செய்தியைப் படிக்கும்போது முதலில் இதைப் பிரித்தறியுங்கள். சர்வரை எட்ட முடியவில்லை என்றால் அது சரிபார்ப்பின் கோளாறு. இணையம், தடுப்புச் சுவர் (ஃபயர்வால்), கணினியின் தேதி ஆகியவற்றைப் பாருங்கள். மதர்போர்டின் பொத்தான் பேட்டரி தீர்ந்து ஆண்டு பின்னுக்குப் போயிருந்தால் பாதுகாப்பான இணைப்பே உருவாகாது. உரிமத்துக்கான எழுத்துக் குறியீடாகிய சாவியைத் திரும்பத் திரும்பத் தட்டச்சு செய்து பயனில்லை.

சர்வரே செல்லாது என்று பதில் சொல்லியிருந்தால் கதை வேறு. விண்டோஸின் ஹோம் பதிப்புக்கான சாவியை புரோ பதிப்பில் இட்டிருக்கலாம். மதர்போர்டை மாற்றியிருந்தால், விண்டோஸ் 10 முதலான பதிப்புகள் அதைப் புதிய கணினியாகவே கருதும். டிஜிட்டல் உரிமத்தை, அதாவது சாவி இடாமலே கணினியின் வன்பொருளை வைத்து அறியப்படும் உரிமத்தை, முன்பே மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைத்திருந்தால், அமைப்புகளில் ஆக்டிவேஷன் பகுதியிலுள்ள பழுதுநீக்கியை (டிரபிள்ஷூட்டர்) திறந்து, வன்பொருளை அண்மையில் மாற்றினேன் என்பதைத் தேர்ந்தெடுத்து மீட்கலாம். கணினித் தயாரிப்பாளர் முன்பே நிறுவி, கணினியோடு வந்த ஓஇஎம் உரிமமாயின் பொதுவாக அந்த மதர்போர்டோடு அது முடிந்துவிடும். விற்றவரைத்தான் கேட்க வேண்டும்.